மேடைக்கு முதுகு காட்டிய ஏழாம் மேசை

போன மாதம் கூலாயில் ஒரு கல்யாண விருந்து. பெண் எங்கள் சொந்தம் என்பதால் ஏழாம் மேசையில் உட்கார்ந்திருந்த எல்லாருமே ஒரே குடும்பம். நாசி மிஞாக் வந்தது, ஆட்டுக்கறிப் பிரட்டல் வந்தது. இரண்டாவது தடவை சிராப் ஊற்றிக்கொண்டிருந்தபோது மேசையில் ஒரு சண்டை தொடங்கியது. சொத்துச் சண்டை இல்லை, சம்பந்தி சண்டையும் இல்லை. உலகத்திலேயே சிறந்த ராக் இசைக்குழு எது என்பதுதான் சண்டை.

தொடங்கி வைத்தவன் என் அண்ணன் மகன். வயது 25. செடெனாக் பக்கம் ஒரு தரவு மையத்தில் வேலை. "அத்தை, நீங்கதான் ரேடியோவுல இருக்கீங்க. நீங்களே சொல்லுங்க, கோல்ட்பிளேயைவிடப் பெரிய பேண்ட் இருக்கா?" என்று கேட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் அப்பா, அதாவது என் பெரியப்பா மகன், கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "அதெல்லாம் ராக்கே இல்ல லா. செர்ச் கேட்டிருக்கியா நீ? இசாபெல்லா கேட்டிருக்கியா?"

அவ்வளவுதான். அடுத்த முக்கால் மணி நேரம் எங்கள் மேசையில் யாரும் மணமக்களைப் பார்க்கவில்லை.

இந்த மாதிரிச் சண்டைகள் எனக்குப் பிடிக்கும். சிறந்த குழு எது என்று ஒருவர் சொல்லும்போது அந்தக் குழுவைவிட அந்த மனிதரைப் பற்றித்தான் அதிகம் தெரிந்துகொள்கிறோம். அன்றைக்கும் அப்படித்தான்.

மருமகன் கட்சியை முதலில் சொல்கிறேன். 2023 நவம்பர் 22-ஆம் தேதி கோல்ட்பிளே புக்கிட் ஜாலில் அரங்கத்துக்கு வந்தபோது அவனுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. இரண்டு மாதம் பொறுத்தான். 2024 ஜனவரியில் அதே குழு சிங்கப்பூரில் ஆறு இரவுகள் பாடியது. அதில் ஓர் இரவுக்கு டிக்கெட் வாங்கி, வேலை முடிந்து பாலம் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு, விடியற்காலை வீடு திரும்பி, எட்டு மணிக்கு மறுபடி வேலைக்குப் போயிருக்கிறான். கையில் கட்டிய வளையம் ஆயிரக்கணக்கான பேரின் கையில் ஒரே நேரத்தில் நிறம் மாறியதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவன் குரல் உயர்கிறது. அவனுடைய அளவுகோல் இதுதான்: எந்தக் குழு தெரியாத மனிதர்களை ஒரு ராத்திரிக்கு ஒன்றாக்குகிறதோ அதுவே பெரிய குழு.

அண்ணன் கட்சி வேறு. அவருக்கு இப்போது ஐம்பது. செர்ச் குழு 1981-இல் நம் ஜொகூர் பாருவில் உருவானது. 1985-இல் அவர்களுடைய முதல் தொகுப்பு வந்தது. 1989-இல் 'ஃபெனோமெனா' தொகுப்பும் அதிலிருந்த 'இசாபெல்லா'வும் வந்தபோது அண்ணன் இடைநிலைப்பள்ளி மாணவர். அந்தப் பாட்டு இந்தோனேசியா வரைக்கும் போய், அதே பெயரில் ஒரு படமும் வந்தது. தோட்டத்து லயத்தில், பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டும் வரைக்கும் அந்த கேசட் ஓடுமாம். கேசட் நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலால் சுற்றிச் சரிசெய்து மறுபடி போடுவாராம். "லண்டன்ல இருந்து வந்தவன் இல்லடா. இங்கேருந்து பஸ் ஏறினா ஒரு மணி நேரம். நம்ம ஊரு" என்றார். அவருடைய அளவுகோலை அந்த வார்த்தைகளே சொல்லிவிட்டன. எட்டாத தூரத்தில் இருக்கும் நட்சத்திரம் அவருக்கு வேண்டாம். பஸ்ஸில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருந்து ஒருவன் ஜெயித்தால், நாமும் ஜெயிக்கலாம் என்ற எண்ணம் வரும்.

மேசையில் இன்னும் சிலர் இருந்தார்கள். பொறியாளர் அத்தான் பிங்க் ஃபிளாய்ட் கட்சி. எல்லாவற்றுக்கும் எண்ணிக்கை கேட்பவர். 1973-இல் வந்த அவர்களுடைய 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' தொகுப்பு 1988 வரைக்குமான காலத்தில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் மொத்தம் 741 வாரங்கள் இருந்தது. "741 வாரம்னா பதினாலு வருஷத்துக்கு மேல. வாக்குவாதம் முடிஞ்சது" என்றார்.

அக்கா லெட் செப்பலின் பெயரைச் சொன்னார். 1968-இல் தொடங்கிய குழு. 1980-இல் டிரம்ஸ் வாசித்த ஜான் போனம் இறந்ததும், வேறொருவரை வைத்துக்கொண்டு தொடர மாட்டோம் என்று கடையை மூடினார்கள். "ஒருத்தன் போனா குழுவே இல்லைன்னு சொன்னாங்க பாரு, அதுதான் குழு" என்றார் அக்கா. உடனே அத்தான், "அப்போ ரோலிங் ஸ்டோன்ஸ்? 1962-இல் ஆரம்பிச்சு, 2021-இல் டிரம்ஸ்காரர் சார்லி வாட்ஸ் செத்த பிறகும் 2023-இல் புதுத் தொகுப்பு போட்டாங்களே, அது குழு இல்லையா?" என்று மடக்கினார். நின்றது பெருமையா, நிற்காமல் போவது பெருமையா? இந்தக் கேள்விக்கு மேசையில் பதில் கிடைக்கவில்லை. கோழிப் பொரியல்தான் கிடைத்தது.

லெட் செப்பலின் என்றதும் ஜொகூர்க்காரர்களான நமக்கு வேறொரு கதையும் உண்டு. 1972-இல் அந்தக் குழு சிங்கப்பூரில் பாட வந்தது. தலைமுடி நீளமாக இருக்கிறது என்று உள்ளே விடவில்லை. உலகத்தின் மிகப் பெரிய குழுக்களில் ஒன்று, முடியால் திரும்பிப் போனது. அது அந்தக் காலம் என்று நினைத்தால், இருபது வருடம் கழித்து 1992-இல் நம் நாட்டிலேயே அதே கதை. நீள முடி வைத்த ராக் பாடகர்களுக்கு ஆர்டிஎம் தொலைக்காட்சியில் இடமில்லை என்றார் அப்போதைய தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட். கடைசியில் செர்ச், விங்ஸ் குழுக்களின் பாடகர்கள் முடியை வெட்டிக்கொண்டார்கள். அமைச்சரே கத்தரிக்கோல் பிடித்த காட்சியை நாடே பார்த்தது.

"அன்னிக்கு நான் அழுதேன்" என்றார் அண்ணன். அவர் மகன் சிரித்தான். அண்ணன் சிரிக்கவில்லை. பதினேழு வயதில் தனக்குப் பிடித்தவர்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்த ஞாபகம் அவருக்கு. பாட்டு கேட்பது வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு அந்த அழுகை புரியாது.

இவ்வளவு நேரமும் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சித்தப்பா. எழுபது வயது. தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கையைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இவ்வளவு பேரு சொன்னீங்களே, ஆறுமுகம் பிள்ளைங்க பேரை ஏன் ஒருத்தரும் சொல்லல?"

மருமகன் என்னைப் பார்த்தான். யார் அது என்று அவனுக்குத் தெரியவில்லை. உங்களில் இளையவர்களுக்கும் தெரியாமல் இருக்கலாம் என்பதால் சொல்கிறேன்.

1960-களின் இறுதியில் பினாங்கில் தொடங்கிய குழு 'அலிகேட்ஸ்'. அதன் முகமாக இருந்தவர்கள் இரண்டு சகோதரர்கள், டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும். தலையைச் சுற்றிப் பந்து போல முடி. அந்த முடியைப் பார்த்தாலே யார் என்று நாட்டில் எல்லாருக்கும் தெரியும். ஹாங்காங் இரவு விடுதிகளில் பாடிப் பழகி, 1970-களின் கடைசியில் பாலிகிராம் நிறுவனத்தில் பதிவு செய்து, அடுத்த சில ஆண்டுகளில் மலாய்ப் பாடல் உலகத்தின் உச்சிக்குப் போனார்கள். எம். நாசிர் இசையமைத்த 'செகுன்தும் மாவார் மேரா' போன்ற பாடல்களை இன்றைக்கும் மலாய்க் கல்யாணங்களில் கேட்கலாம். 'சென்யும்லா கோலாலம்பூர்' தலைநகரத்தின் பாட்டாகவே ஆகிவிட்டது. அந்தப் பாட்டைப் பாடுகிறவர்களில் பலருக்கு அதைப் பாடியவர்கள் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் என்பது ஒரு செய்தியாகவே தோன்றாது. அவர்களைப் பொறுத்தவரை அலிகேட்ஸ் அவர்களுடையது.

"அது ராக் இல்லையே சித்தப்பா. பாப் பாட்டு, டிஸ்கோ" என்றார் அத்தான்.

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில் 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' என்று ஓர் இடம் இருக்கிறது. ராக் இசையின் பெருமக்களுக்கு அங்கேதான் மாலை போடுகிறார்கள். அங்கே 1997-இல் சேர்க்கப்பட்டவர்கள் பீ ஜீஸ். அவர்களும் சகோதரர்கள்தான், டிஸ்கோவால் உலகப் புகழ் பெற்றவர்கள்தான். 2010-இல் 'ஆபா' குழுவுக்கும் அங்கே இடம் கிடைத்தது. அவர்களெல்லாம் அந்த வாசலுக்குள் போகலாம் என்றால், பினாங்குச் சகோதரர்களை மட்டும் எந்த இலக்கணத்தைக் காட்டி வெளியே நிறுத்துவது?

"சரி, ராக்னே வெச்சுக்குவோம். ஆனா தமிழ்ல பாடித்தானே இருக்கணும், நம்ம குழுன்னு சொல்ல?" என்றார் அக்கா. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மலாய்ப் பாட்டு என்பதால் நாம் அவர்களை நம் பட்டியலில் எழுதுவதில்லை. மென்மையான பாட்டு என்பதால் ராக் ரசிகர்கள் அவர்கள் பட்டியலில் எழுதுவதில்லை. இரண்டு பட்டியலுக்கும் நடுவில் அவர்கள் நிற்கிறார்கள்.

குவீன் குழுவின் ஃபிரெடி மெர்குரியை நினைத்துப் பாருங்கள். பிறந்தபோது வைத்த பெயர் ஃபாரூக் புல்சாரா. சான்சிபாரில் 1946-இல் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்து, மகாராஷ்டிராவின் பஞ்ச்கனி விடுதிப் பள்ளியில் படித்தபோதே நண்பர்களோடு ஒரு குழு வைத்தவர். 1985 ஜூலை 13-ஆம் தேதி, லண்டன் வெம்பிளி அரங்கில் 'லைவ் எய்ட்' நிகழ்ச்சியில் ஏறக்குறைய இருபது நிமிடம் பாடினார். மேடை நிகழ்ச்சி என்றால் இன்றும் அந்த இருபது நிமிடத்தைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். அவர் பாடியது ஆங்கிலத்தில். ஆனாலும் "அவர் நம்ம ஆளு தெரியுமா" என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் பாடினால் நம் ஆள், பக்கத்து வீட்டுக்காரரின் மொழியில் பாடினால் நம் ஆள் இல்லை. இது என்ன கணக்கு?

மருமகன் விடவில்லை. "அப்போ தமிழ்ல பேண்டே இல்லையா அத்தை?"

இருக்கிறது. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இருக்கிறது. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. கானாவும் பறையும் ராக்கும் ராப்பும் அங்கே ஒன்றாக நின்று சாதியைக் கேள்வி கேட்டன. ஆனால் நம் ஊர்களில் சினிமா என்ற பெரிய ஆறு எல்லாச் சிற்றோடைகளையும் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. ஏ.ஆர். ரஹ்மான் சினிமாவுக்கு வருமுன் சென்னையில் 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவில் வாசித்தார். இன்று அந்தக் குழுவின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? இளையராஜாவும் தனியாளாக வந்துவிடவில்லை. பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராஜனோடும் மற்ற சகோதரர்களோடும் ஊர் ஊராகப் போய், பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்தவர். 'பாவலர் பிரதர்ஸ்' என்பது அந்தக் குழுவின் பெயர். கிட்டார் இல்லாமல் இருந்திருக்கலாம், மின்சார விளக்குகூட இல்லாத மேடையாக இருந்திருக்கலாம். ஆனால் அண்ணன் தம்பிகள் சேர்ந்து, ஒரே வண்டியில் ஏறி, சனங்களுக்கு முன்னால் நின்று பாடினால் அதற்குப் பெயர் என்ன? என்னைக் கேட்டால் அதுதான் பேண்ட். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோது புதுமுகம் என்றார்கள். அந்தப் புதுமுகத்துக்குப் பின்னால் எத்தனையோ வருட இரவுகள் இருந்தன.

இரவுகள் என்று சொன்னதும்தான் எனக்கே ஒரு விஷயம் பிடிபட்டது.

பீட்டில்ஸ் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1960 ஆகஸ்டில் லிவர்பூலிலிருந்து ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுக நகரத்துக்குப் போனார்கள். அங்கே குடிக்க வந்த கப்பல்காரர்களுக்கு முன்னால், ஓர் இரவுக்குப் பல மணி நேரம் வாசிக்க வேண்டும். கேட்க வந்த கூட்டம் இல்லை அது, குடிக்க வந்த கூட்டம். ஜார்ஜ் ஹாரிசனுக்கு அப்போது பதினேழு வயது. வயது போதாது என்று அவரைப் பிடித்து ஊருக்கு அனுப்பினார்கள். மறுபடி போனார்கள். 1962 ஜனவரி 1-ஆம் தேதி லண்டனில் டெக்கா நிறுவனத்துக்கு வாசித்துக் காட்டினார்கள். டெக்கா வேண்டாம் என்றது. அதே வருடம் அக்டோபரில் வேறு நிறுவனத்தின் மூலம் அவர்களுடைய முதல் இசைத்தட்டு வந்தது. மிச்சக் கதை எல்லாருக்கும் தெரியும்.

ஹாம்பர்க் விடுதியில் பீட்டில்ஸ், ஹாங்காங் விடுதியில் அலிகேட்ஸ், கட்சி மேடையில் பாவலர் பிரதர்ஸ். மூன்றுக்கும் பொதுவானது ஒன்று உண்டு. பெரிய குழுவாக ஆவதற்கு முன்னால், தங்களுக்காக வராத கூட்டத்துக்கு முன்னால் அவர்கள் பல இரவுகள் வாசித்தார்கள். அந்த இரவுகளில் யாரோ ஒருவர், ஏதோ ஒரு மேசையிலிருந்து திரும்பிப் பார்த்திருப்பார். ஒருவர் கைதட்டியிருப்பார். அடுத்த நாளும் வரச்சொல்லி யாரோ ஒருவர் கூலி கொடுத்திருப்பார். அந்த முகம் தெரியாதவர்கள் இல்லையென்றால் பட்டியலும் இல்லை, நம் சண்டையும் இல்லை.

இதை மேசையில் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் என் முதுகுக்குப் பின்னால் கைதட்டல் கேட்டது. சோர்வான கைதட்டல். ஏழெட்டுக் கைகள் இருக்கும். திரும்பிப் பார்த்தேன். மேடையில் நான்கு பையன்கள். கிட்டார், பேஸ், கீபோர்டு, டிரம்ஸ். "நன்றி, வணக்கம். சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுக் கம்பிகளைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

முக்கால் மணி நேரமாக அவர்கள் வாசித்திருக்கிறார்கள். உலகத்திலேயே சிறந்த குழு எது என்று நாங்கள் கத்திக்கொண்டிருந்ததில், பத்து அடி தூரத்தில் இருந்த குழு என்ன பாடியது என்று ஏழாம் மேசையில் ஒருவருக்கும் தெரியவில்லை. "சத்தம் ஜாஸ்தியா இருக்கு, கொஞ்சம் குறைக்கச் சொல்லு" என்று நடுவில் ஒரு தடவை நாங்கள் ஆள் அனுப்பியது மட்டும் எனக்கு ஞாபகம் வந்தது.

கை கழுவப் போனபோது பேஸ் வாசித்த பையன் எதிரே வந்தான். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். "அக்கா, உங்க குரலைக் கேட்டதும் தெரிஞ்சது" என்று சிரித்தான். கொஞ்ச நேரம் பேசினோம். பகலில் செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. அன்றைய விருந்துக்கு நான்கு பேருக்கும் சேர்த்து ஆயிரத்து இருநூறு வெள்ளி. ஒலிபெருக்கி வாடகை, வேன் வாடகை போக ஆளுக்கு நூற்றைம்பது வெள்ளி தேறுமாம். முன்பு மாதத்துக்கு நான்கைந்து விருந்து வருமாம். இப்போது ஒன்று வந்தால் பெரிது. "மைனஸ் ஒன் டிராக் போட்டு ஒருத்தரே பாடிடறாங்க அக்கா. செலவு கம்மி" என்றான். குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பதைப் போலச் சொன்னான்.

பிறகு தயங்கித் தயங்கி ஒன்று சொன்னான். "நாங்க சொந்தமா ஒரு பாட்டு பண்ணினோம் அக்கா. உங்களுக்கு அனுப்பியிருந்தோம். அஞ்சு மாசம் இருக்கும். டைம் கிடைச்சா கேட்டுப் பாருங்க."

கிடைத்திருந்தது. எனக்கு ஐந்து மாதமாக நேரம் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. அந்த அஞ்சலை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் கேட்கலாம் என்று ஒரு கோப்பில் போட்டிருக்கிறேன். அந்தக் கோப்பில் அது மாதிரி இன்னும் முப்பது, நாற்பது பாட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றும் யாரோ நாலு பேர் ஞாயிற்றுக்கிழமையில் தூங்காமல் செய்தது. உள்ளூர்க் கலைஞர்களை ஆதரியுங்கள் என்று ஒலிவாங்கியில் சொல்லுகிறவளும் நான்தான், அந்தக் கோப்பைத் திறக்காதவளும் நான்தான். சினிமாப் பாட்டு போட்டால் யாரும் கேள்வி கேட்பதில்லை. தெரியாத பாட்டு போட்டால், மூன்றாவது நொடியில் அலைவரிசை மாற்றிவிடுவீர்களோ என்ற பயம். உங்கள்மேல் பழி போட்டு நான் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு காரில் அந்தப் பாட்டைக் கேட்டேன். நெடுஞ்சாலைக்குப் போகாமல் பழைய சாலையிலேயே ஓட்டினேன், பாட்டு முடியும் வரைக்கும் வீடு வராமல் இருக்கட்டும் என்று.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது சிறந்த பாட்டு இல்லை. டிரம்ஸ் சத்தம் குரலை மூடுகிறது. இரண்டாவது சரணத்தில் பாடுகிறவருக்கு மூச்சு போதவில்லை. வரிகளில் பாதி, சினிமாவில் நாம் கேட்டுப் பழகிய வார்த்தைகள். ஆனால் சரணத்துக்கும் பல்லவிக்கும் நடுவில், குரல் நின்றுபோய் பேஸ் மட்டும் தனியாக நடக்கிற ஓர் இடம் இருக்கிறது. பத்து நொடி இருக்கும். அந்தப் பத்து நொடியை நான் மூன்று தடவை திருப்பிக் கேட்டேன். அதை யாரிடமிருந்தும் எடுத்ததாகத் தெரியவில்லை. கப்பல்காரர்கள் குடித்துக்கொண்டிருந்த விடுதியில், திரும்பிப் பார்த்த அந்த ஒருவர் கேட்டதும் இப்படி ஒரு பத்து நொடியாகத்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் எங்கள் தயாரிப்பாளரிடம் கொடுத்தேன். குரலை மட்டும் மறுபடி பதிவு செய்து தந்தால் பார்க்கலாம் என்றார். பையனுக்கு அதை அப்படியே சொன்னேன். பாட்டு நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லவில்லை. பேஸ் வாசித்த இடத்தைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அந்த இடத்தை எடுத்துடலாம்னு எல்லாரும் சொன்னாங்க அக்கா. நான்தான் இருக்கட்டும்னேன்" என்றான்.

லோகநாதன் ஆறுமுகம் 2007 ஜூன் 4-ஆம் தேதி நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அண்ணன் டேவிட் அதன் பிறகும் மேடையை விடவில்லை. தம்பியின் குரலில் சனங்களுக்குப் பழகிப்போன பாட்டுகளையும் சுமந்துகொண்டு பாடினார். லெட் செப்பலின் செய்தது சரியா, ரோலிங் ஸ்டோன்ஸ் செய்தது சரியா என்று ஏழாம் மேசையில் கேட்டோமே, அந்தக் கேள்வி எனக்கு இப்போது வேறு மாதிரி தெரிகிறது. தம்பி போன பிறகு அண்ணன் ஏன் பாடினார் என்று பட்டியல் போடுகிறவர்கள் கேட்கலாம். பாடாமல் இருந்திருந்தால் தம்பியின் குரல் எங்கே போயிருக்கும் என்று சித்தப்பா கேட்பார். நான் சித்தப்பா கட்சி.

சரி, எனக்குப் பிடித்த குழு எது என்று கேட்பீர்கள். மருமகனும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறான். பாட்டு எழுதும் திறமைக்கு பீட்டில்ஸ். மேடைக்கு குவீன். பக்கத்தில் இருந்து நம்பிக்கை கொடுத்ததற்கு செர்ச். நான் சின்ன வயதில் அப்பாவின் காரில் தூங்கிப்போகும்போது கேட்ட குரலுக்கு அலிகேட்ஸ். ஐந்தாவது இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

நீங்களும் உங்கள் ஐந்து பெயர்களை எழுதி அனுப்புங்கள், அடுத்த வாரம் சண்டையைத் தொடரலாம். ஆனால் ஒரு நிபந்தனை. ஐந்தில் ஒன்று, உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரத்துக்குள் நீங்கள் நேரில் கேட்ட குழுவாக இருக்க வேண்டும். கல்யாண விருந்தில் வாசித்தவர்களாக இருக்கலாம், கோயில் திருவிழாவில் வாசித்தவர்களாக இருக்கலாம், பல்கலைக்கழக விழாவில் ஒரே ஒரு முறை மேடையேறியவர்களாகவும் இருக்கலாம். தமிழில்தான் பாடியிருக்க வேண்டும் என்றில்லை. பெயர் தெரியாது என்றால், அடுத்த முறை பார்க்கும்போது கேட்டு எழுதுங்கள்.

பெயர் கேட்பதற்குக் காசு செலவில்லை. ஏழாம் மேசையில் நாங்கள் அதைக்கூடச் செய்யவில்லை. வீட்டுக்குக் கிளம்பும்போது சித்தப்பா மட்டும் மேடைப் பக்கம் போனார். டிரம்ஸைப் பிரித்துக்கொண்டிருந்த பையனிடம் ஏதோ கேட்டார். காரில் ஏறியதும், "என்ன சித்தப்பா கேட்டீங்க?" என்றேன்.

"அலிகேட்ஸ் பாட்டு தெரியுமான்னு கேட்டேன். ரெண்டு தெரியுமாம். முன்னாடியே கேட்டிருந்தா பாடியிருப்பானாம்."